உரோமுலசின் கொட்டில்

'பலஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாத மாணவர் இக்காலத்தில் இலர். பிரெஞ்சு மக்கள் 'பலே' என்பர். இத்தாலியர் 'பலாற்சோ' என்பர். மூன்றும் அரண்மனையைக் குறிக்குஞ் சொற்கள். மூன்றும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவை. அத்தாய் ஓர் அரண்மனையன்று; ஒரு குன்று. உரோமாபுரியின் ஏழு குன்றுகளுள் நடுவே நிற்கும் அதற்கு இலத்தீன் மொழியிற் 'பலாத்தியம்' என்று பெயர். ஆங்கில வழக்கை ஒட்டிப் பலற்றைன் குன்று என்று நாம் சொல்லி வருகிறோம். சக்கரவர்த்திகள் அக்குன்றின்மேல் இல்லம் எடுத்து வாழ்ந்தனர். குன்றின் பெயர் முதலில் அவ்வில்லத்துக்கு ஆயிற்று. பின்னர் அரசர் இல்லம் எதற்கும் ஆயிற்று. நன்னூல் படிக்கும் பிள்ளைகளுக்கு இடவாகுபெயர் கற்பிக்கும்போது யான் பல ஆண்டுகளாக இவ்வுதாரணத்தையுஞ் சொல்லி வருகிறேன். பரீட்சைக்கு வராத உதாரணந்தான். ஆயினும் பிள்ளைகள் அதனை மறப்பதில்லை.

கரும்பலகையில் எழுதிக் காட்டிய குன்றைக் கண்ணாற் காணும் வாய்ப்புச் சென்ற ஆண்டு ஆவணியிற் கிடைத்தது. என் தமக்கையின் மகன் சுவிற்சர்லாந்திலே கட்டட வேலைத் தொழிலில் இருக்கின்றான். பாடசாலை விடுமுறைக்கு என்னை அங்கு அழைப்பித்தான். ஒரு வாரம் சென்றபின், "அம்மான், உங்களுக்கு மலையும் பனியும் பாத்துக் காணும். எங்கை போக விருப்பம், சொல்லுங்கோ" என்றான். யான் தயங்காது உரோமாபுரி என்றேன். புகையிரதத்தில் இருவரும் சென்றோம். உரோமாபுரியின் ஆவணி வெயில் வன்னி வெயிலுக்கு இளைத்ததன்று.

அங்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் ஒரு முறை வகுத்து வைத்திருக்கின்றனர். கொலோசியம் என்னும் பேரரங்கம், போறம் என்னும் பழைய மன்றம், பலற்றைன் குன்று ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டு. காலையிற் கூட்டம் முழுவதும் பேரரங்கத்துக்கு ஓடுகின்றது. வரிசையில் நின்று, உள்ளே சுற்றி, படம் பிடித்து முடிய உச்சி வேளை ஆகின்றது. பின்னர் மன்றத்துத் தூண்களிடையே நடக்கின்றனர். குன்றுக்கு ஏறும்போது கால் ஓய்ந்து, தண்ணீர்ப் போத்தலும் வறண்டு போகின்றது. ஏறியவர் பைன் மர நிழல் கண்டவிடத்தில் இருந்துவிடுகின்றனர். சிலர் மன்றத்தைப் பார்த்த மேடையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். சீட்டுக்குக் கொடுத்த காசில் மூன்றிலொரு பங்கை இவ்வாறு வீணாக்குகின்றனர் என்பதன்று என் முறைப்பாடு. மூன்றனுள் மூத்தது எதுவோ அதனைக் களைத்த கண்ணாற் பார்க்கின்றனர் என்பதே. இம்முறையை மாற்றிக் காலையில் முதலாவதாகக் குன்றின்மேல் ஏறவேண்டும் என்று அங்கே போகவிருக்கும் எவர்க்கும் சொல்லுவேன். யாங்கள் அவ்வாறு செய்யவில்லை. மருமகன் சொற்படி பேரரங்கத்திலேதான் தொடங்கினோம்.

குன்று உயர்ந்ததன்று. மன்றத்துக்கு மேல் ஏறக்குறைய 40 மீற்றர். தைற்றஸ் வளைவுக்கு அருகிலிருந்து பழைய கல்வழி ஏறுகின்றது. தேய்ந்த பெருங்கற்களாலாகிய வழி. மெல்லிய செருப்புக்கு ஏற்றதன்று.

மேலே ஏறியவனுக்கு முதலில் உண்டாவது ஏமாற்றம். அதனை மறைத்துப் பேசுவோர் பலர், யான் மறைக்கேன். உரோமச் சக்கரவர்த்திகளின் அரண்மனை என்று மனத்திலே கட்டி வைத்திருந்த வெண்பளிங்கு மாளிகை அங்கு இல்லை. செங்கற் சுவர்கள் நிற்கின்றன. பெருஞ் சுவர்கள், வளைவுகள், மேலே கூரையின்றி வானம். தான் செங்கல் நகரைப் பெற்றுப் பளிங்கு நகரை விட்டுச் செல்வதாக ஒகஸ்டஸ் சக்கரவர்த்தி பெருமை சொல்லியதை அவர் சரிதம் எழுதிய சுவெற்றோனியஸ் குறித்து வைத்திருக்கின்றார். காலமோ பளிங்கை வாங்கிக்கொண்டு செங்கல்லைத் திருப்பித் தந்துவிட்டது. காலம் என்று சொல்வதும் நேர்மையன்று, மனிதர் வாங்கினர். இடைக்காலத்தார் உரோமாபுரியின் பழம் பளிங்குகளைப் பெயர்த்துத் தம் கட்டடங்களுக்குக் கொண்டு போயினர். எஞ்சியவற்றைச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கினர். தேவர் உருவங்களும் தூண்களின் போதிகைகளும் வெந்து நீறாயின.

என் மருமகன் ஏமாறவில்லை. தன் தொழிற் கண்ணோடு சுவரை அணுகித் தட்டிப் பார்த்தான். "அம்மான், இது செங்கட்டிச் சுவர் இல்லை. செங்கட்டி வெளித்தோல் மட்டுந்தான். உள்ளுக்கு முழுக்கக் கொங்கிறீற்" என்றான். அவன் சொல்லியது உண்மை. எரிமலைச் சாம்பர் மண்ணையும் சுண்ணாம்பையுங் கலந்து கற்சல்லிகளை இட்டு இறுக்கிய கலவையே அச்சுவர்களின் உடம்பு. செங்கல் அதன் சட்டை. பளிங்கு சட்டைமேற் போட்ட சால்வை. சால்வையை உரிந்துகொண்டு போனவர்களால் உடம்பை அசைக்க முடியவில்லை. பண்டிதன் ஒருவன் நூல் பல புரட்டியும் அறியாததை ஒரு கட்டட வேலைக்காரன் விரலாற் றட்டி அறிந்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறேன்.

இன்று நாம் காணும் சுவர்களுட் பெரும்பாலன டொமிற்றியன் என்னும் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு உரியவை. ராபிரியஸ் என்னுஞ் சிற்பாசாரி வகுத்தது. கி.பி. 92ஆம் ஆண்டளவில் அது முடிந்தது. சபை மண்டபம் ஒருபால், விருந்து மண்டபம் ஒருபால், குடியிருக்கும் பகுதி ஒருபால், அதற்கப்பால் 160 மீற்றர் நீளமான ஒரு தாழ்ந்த தோட்டம். மேலேயிருந்து அத்தோட்டத்தைப் பார்க்கும்போது ஓட்டப் பந்தய மைதானம் என்றே தோன்றும். அதனை அப்பெயராலேயே வழங்கியும் வருகின்றனர். இவ்வளவையுங் கட்டியவனுக்கு நித்திரை இல்லை. தான் உலாவும் மண்டபத்தின் சுவர்களிற் கண்ணாடிபோல மினுக்கிய கல்லைப் பதிப்பித்தான். முதுகுக்குப் பின் வருவோர் நிழல் அதிலே தெரியவேண்டும் என்பது கருத்து. கி.பி. 96இல் அந்த அரண்மனைப் படுக்கையறையிலேயே அவனைக் குத்திக் கொன்றனர். கல் மினுங்கியதாற் பயன் யாது?

குன்றின் வடபாலில், மன்றத்தை நோக்கிய மேடையிலே சற்று நேரம் நின்றோம். அது 16ஆம் நூற்றாண்டிலே பர்னேசே குடும்பத்துக் கர்தினால் ஒருவர் தைபீரியஸ் அரண்மனையின் இடிபாட்டின்மேல் மண்ணிட்டு உண்டாக்கிய பூந்தோட்டத்தின் விளிம்பு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூடிக் கிடந்த அவ்வரண்மனைப் பகுதியை 2023இல் மீண்டுந் திறந்திருக்கின்றனர். மேடையினின்று பார்த்தால் எதிரே மக்சென்ரியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் தோன்றும். எல்லாரும் அவ்வளவுகளைப் படம் பிடிக்கின்றனர். யான் அவற்றின் அடியைப் பார்த்தேன். அம்மண்டபம் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுமுன் அங்கே நின்றவை மிளகுப் பண்டகசாலைகள். அவற்றையும் டொமிற்றியனே கட்டுவித்தான். யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்து பொன் தந்து மிளகு கொண்டுபோன செய்தி அகநானூற்றில் உண்டு. முசிறித் துறையிலே ஏற்றிய மூடை எங்கே இறங்கியது என்று மாணவர் கேட்டால் இதுவரை யான் 'மேலைத் தேசத்தில்' என்று சொல்லி நழுவி வந்தேன். இனி நழுவவேண்டியதில்லை. சக்கரவர்த்தியின் வாசலுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இறங்கியது.

மிளகு மட்டுமன்று. நமது தீவிலிருந்து மனிதரும் போயினர். கிளோடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டவர். அவர் காலத்திலே செங்கடற் பக்கத்து வரிக் குத்தகைக்காரன் ஒருவனுடைய ஆள் அரேபியாவைச் சுற்றி வரும்போது காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேன் என்னும் இத்தீவின் துறை ஒன்றில் ஒதுங்கினான் என்று பிளினி எழுதுகின்றார். இத்துறை குதிரைமலை என்று கொள்வாரும் உளர். ஆறு மாதம் அவனை உபசரித்த அரசன் அவன் கையிலிருந்த உரோம நாணயங்களை நிறுத்துப் பார்த்தானாம். முகங்கள் வேறுவேறாயிருந்தும் நிறை ஒன்றாயிருக்கக் கண்டு, இவர்கள் நேர்மையுடையோர் என்று வியந்து, நால்வரைத் தூது அனுப்பினானாம். அந்நால்வரும் உரோமாபுரியில் தம் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு அதிசயித்தனராம். அவர்கள் இக்குன்றின்மேல் ஏறிய நாளையும் வழியையும் பிளினி சொல்லவில்லை. சக்கரவர்த்தி இருந்த இடம் இதுவாகலின், ஏறியிருப்பர் என்று கருதுவது மிகையன்று. யான் என் நிழலைப் பார்த்துக்கொண்டேன். அது வடக்கேதான் கிடந்தது.

குன்றின்மேல் ஒரு சிறிய நூதனசாலை இருக்கின்றது. அதிலே வாத்தியார்மார் தவறாது பார்க்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. அரண்மனைச் சேவகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கிய இடம் என்று கருதப்படும் ஒரு கட்டடச் சுவரிலிருந்து 1857இல் எடுத்த சுண்ணச் சாந்துத் துண்டு. அதிலே ஒருவன் தன் தோழனைக் கேலி பண்ணிக் கீறி வைத்திருக்கின்றான். சிலுவையிலே கழுதைத் தலையுடைய உருவம். அதனை வணங்கி நிற்கும் ஒரு பையன். பக்கத்திலே கோணல் எழுத்தில் அவன் பெயரும் அவன் தன் தெய்வத்தை வழிபடுகிறான் என்னும் பரிகாசமும். அப்பெயர் அலெக்சாமெனோஸ். அடுத்த அறைச் சுவரிலே வேறொரு கை அதே பெயரை எழுதி, விசுவாசமுள்ளவன் என்று சேர்த்திருக்கின்றது. தோழன் எழுதினானோ, பரிகசிக்கப்பட்டவன் தானே எழுதினானோ, யார் அறிவார்! டொமிற்றியன் பதித்த பளிங்கு முழுவதும் போயிற்று. வகுப்பறைச் சுவரிற் பிள்ளை கீறிய கீறல் நின்றது. மேசையிற் பெயர் வெட்டிய மாணவரை யான் தண்டித்ததுண்டு. இனியுந் தண்டிப்பேன், ஆனாற் சற்று மரியாதையோடு தண்டிப்பேன்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருகிறேன்.

குன்றின் தென்மேற்கு மூலையில், சிபெலே என்னும் தாய்த் தெய்வத்தின் கோயில் இடிபாட்டுக்கு அருகே, பாறையிலே சில குழிகள் உள. அவ்வளவுதான். பெரும்பாலோர் நில்லாது கடந்து போகின்றனர். யாங்கள் அங்கே நின்ற நேரத்தில் ஐம்பது பேராவது கடந்திருப்பர், நின்றவர் இருவர், அவருள் ஒருவர் செருப்பில் அகப்பட்ட கல்லை எடுக்க நின்றவர்.

1948இல் அகழ்ந்தோர் கண்ட குழிகள் அவை. மரக் கப்புகளை நாட்டுவதற்காகப் பாறையை வெட்டிய குழிகள். அவற்றைத் தொடுத்துப் பார்த்தால் ஒரு கொட்டிலின் வடிவம் தோன்றுகின்றது. நீளம் ஐந்து மீற்றருக்கு உட்பட்டது. மூலைகள் வளைந்தவை, நடுவிலே முகட்டைத் தாங்க ஒரு கப்பு, வாசலுக்கு முன் சிறு சார்பு. சுவர் வரிச்சும் மண்ணும். கூரை புல்லோ வைக்கோலோ. கி.மு. 9ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். உரோமாபுரியை உரோமுலஸ் கி.மு. 753இல் இக்குன்றின்மேல் நாட்டினான் என்பது பழங்கதை. உரோமுலஸ் இருந்தானோ இல்லையோ, அக்காலத்தில் இக்குன்றின்மேல் மனிதர் கொட்டில் கட்டி இருந்தனர் என்பதற்குப் பாறை சாட்சி. கதை முழுப்பொய் அன்று என்று சொல்ல அவ்வளவு போதும்.

வியப்பு அதனோடு முடியவில்லை. உரோமர் உலகாண்ட காலத்திலும் இம்மூலையிலே ஒரு கொட்டில் நின்றது. அதனை உரோமுலசின் கொட்டில் என்று காத்து வந்தனர். அகழ்ந்து கண்ட குழிகளே அக்கொட்டிலின் குழிகள் என்று யாரும் துணிந்து சொல்லார். பழைய நூல்கள் சொல்லும் பக்கம் இப்பக்கந்தான். ஒகஸ்டஸ் காலத்திலே உரோமாபுரியில் 22 ஆண்டு வாழ்ந்த டயனீசியஸ் என்னுங் கிரேக்க ஆசிரியர் அதனைப் பற்றிச் சொல்லும் செய்தி என் மனத்தை விட்டு நீங்கவில்லை. கொட்டிலைக் காக்க ஆட்கள் இருந்தனராம். அவர்கள் அதனை எவ்வகையாலும் முன்னையினும் சிறப்பாக்க முயலாராம். காற்றாலோ காலத்தாலோ ஒரு பகுதி கெட்டால், கெட்ட பகுதியை மாத்திரம் முன்னிருந்தபடியே பழுது பார்ப்பராம். கோலும் வைக்கோலுமே பொருள். கி.மு. 12இல் பலிபீடத்து எரிந்துகொண்டிருந்த ஊன் துண்டைக் காகங்கள் கௌவிக் கொண்டுவந்து போட்டதனால் அது தீப்பற்றி எரிந்தது என்று டியோ காசியஸ் எழுதுகின்றார். பின்னும் அது நின்றது, கி.பி. 4ஆம் நூற்றாண்டிலே எழுதிய நகர இடப்பட்டியலிலும் அதன் பெயர் காணப்படுகின்றது.

அப்படியானால் எத்தனை முறை வேய்ந்திருக்க வேண்டும்! யாழ்ப்பாணத்தில் ஓலை வீட்டிற் பிறந்து வளர்ந்தவனுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். பளிங்கு மாளிகையை ஒருமுறை கட்டினாற் போதும், புகழ் கட்டியவனுக்கு. கொட்டிலை ஆண்டுதோறும் யாராவது நினைக்க வேண்டும். புகழ் ஒருவருக்கும் இல்லை. வைக்கோல் வாங்கியவன் பெயரும் வேய்ந்தவன் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

இங்கே ஒரு தடை எழும். அதனை எழுப்பியவன் என் மருமகனே. யான் இதனையெல்லாம் அவனுக்குச் சொல்லி முடித்ததும் அவன் சிரித்தான். "அம்மான், பக்கத்திலை தன்ரை வீட்டைக் கட்டினவர் ஆர்? ஒகஸ்டஸ்தானே. ராசாவுக்குக் கொட்டில் ஒரு விளம்பரம்" என்றான். அவன் சொல்லியதைத் தள்ளிவிட முடியாது. ஒகஸ்டஸ் இக்குன்றிலே பிறந்தவர்; பின்னர் இக்கொட்டிலின் அயலிலே, ஓர்ற்றென்சியஸ் என்னும் பெரும் பேச்சாளருக்கு உரியதாயிருந்த வீட்டைத் தமதாக்கிக்கொண்டவர். பளிங்கும் சித்திரத் தளமும் இல்லாத எளிய வீடு அது என்றும், மாரியிலும் கோடையிலும் ஒரே அறையிலே 40 ஆண்டுக்கு மேல் உறங்கினார் என்றும் சுவெற்றோனியஸ் சொல்லுகின்றார். ஆயினும் அவ்வீட்டின் அறைகள் என்று 2008இல் திறந்து காட்டியவற்றின் சுவரோவியங்களைப் பார்த்தவர் எளிமை என்ற சொல்லைச் சற்று நிதானித்தே வழங்குவர். சிவப்பும் மஞ்சளும் இன்றும் ஒளி மங்கவில்லை. அதன் பக்கத்திலேயே கி.மு. 28இல் அப்பொலோவுக்குப் பளிங்குக் கோயிலும், கிரேக்க நூல்களும் இலத்தீன் நூல்களும் கொண்ட நூலகமுங் கண்டார். உரோமுலசுக்குப் பின் நகரை மீள நாட்டியவன் தானே என்று உலகம் நினைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குக் கொட்டில் துணை செய்தது. இதில் ஐயம் இல்லை.

ஆயினும் அரசன் எக்கருத்தோடு காத்தான் என்பது ஒன்று. காவற்காரர் எவ்வாறு காத்தனர் என்பது மற்றொன்று. விளம்பரம் மட்டுமே வேண்டியிருந்தால் கொட்டிலைப் பொன்னால் வேய்ந்திருக்கலாம். பொன்னுக்கு அங்கே குறைவில்லை. வைக்கோலையே வேய்ந்தனர். அரசர் மாறினர்; அரச குலமும் மாறியது; வைக்கோல் மாறவில்லை.

வேர்ஜில் இதனை அறிந்திருந்தார். ஏனியாசின் கதையைப் பாடிய அவர், எட்டாஞ் சருக்கத்திலே தம் வீரனை இக்குன்றுக்கு அழைத்து வருகின்றார். அக்காலத்தில் உரோமாபுரி இல்லை. எவாந்தர் என்னும் முதிய அரசர் விருந்தினனை நடத்திச் சென்று இடம் இடமாகக் காட்டுகின்றார். பின்னாளில் மன்றம் எழவிருக்கும் நிலத்திலே மாடுகள் கத்துகின்றன. அரசருடைய வீட்டின் வாசல் குனிந்து புகவேண்டிய வாசல். வீரனுக்குப் படுக்கை இலையின்மேல் விரித்த கரடித் தோல். ஒகஸ்டசின் பளிங்கு எழுந்துகொண்டிருந்த நாளிலே, அவர் ஆதரவிலே இருந்த புலவர் பாடியது இது. வேர்ஜிலுக்குத் தெரியாத ஒன்று பின்னர் நிகழ்ந்தது. உரோமாபுரி விழுந்து, மன்றம் மண்மூடி, அந்நிலத்துக்கு மாட்டு வயல் என்றே பெயர் வந்தது. பல நூற்றாண்டு அங்கே மாடுகள் மேய்ந்தன. குன்றின்மேல் ஏறும் முன் அந்த ஒரு சருக்கத்தையாவது மொழிபெயர்ப்பிலே படித்துவிட்டு ஏறுக என்பேன். வழிகாட்டிகள் காதிலே மாட்டிவிடும் கருவியில் ஆண்டும் அளவும் கேட்கும். மாடு கத்துவது கேட்காது.

பிரயாணக் கட்டுரையை இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமைக்குக் காரணம் உண்டு.

எனக்குப் பாலபண்டித வகுப்புக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் தம் வளவிலே ஒரு கொட்டில் வைத்திருந்தார். பனையோலை வேய்ந்தது, அரைச் சுவர் மண், சாணி மெழுகிய நிலம். நிகண்டும் நன்னூலும் அதிலே இருந்துதான் படித்தோம். 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்து அடுத்த ஆண்டு மீண்டபோது கூரை இல்லை. வளைகளைக் கறையான் தின்றிருந்தது. கப்புகளும் இற்றுப் போயின. ஆசிரியர் அப்பொழுது முதியவர். பழைய குழிகளைத் தம் கைத்தடியாலே தடவிக் கண்டுபிடித்து, அக்குழிகளிலேயே புதிய கப்புகளை நாட்டுவித்தார். நீளத்தைச் சற்றுக் கூட்டலாமே என்று யான் சொல்லியதற்கு, "இருந்த அளவு காணும்" என்றார். அவர் மறைந்தபின்னும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய மாணவர் கூடி வேய்ந்து வந்தோம். பின்னர் ஓலை கிடைப்பது அரிதாயிற்று. வேயத் தெரிந்தவரும் அருகினர்.

அதனை இடித்து அவ்விடத்திலே ஆசிரியர் பெயரால் மேல்மாடியோடு கூடிய ஒரு ஞாபகார்த்த மண்டபம் எழுப்புவது என்று பழைய மாணவர் கூட்டம் ஒன்று இரண்டாண்டுகளுக்கு முன் தீர்மானித்தது. நிலத்துக்கு மாபிள் பதிப்பது என்றும் தீர்மானத்தில் உண்டு. பணத்திற் பெரும்பங்கு தருவதாக ஒப்புக்கொண்டவன் என்னோடு உரோமாபுரியிலே நின்ற மருமகன். அவனும் அவ்வாசிரியரிடம் இரண்டு ஆண்டு படித்தவன். அத்தீர்மானத்தை எழுந்து நின்று ஆமோதித்தவன் யான். ஆமோதித்தது மட்டுமோ, மண்டபம் ஆசிரியர் புகழுக்கு ஏற்ற உயரமுடையதாதல் வேண்டும் என்று ஒரு வெண்பாவுஞ் சொன்னேன். அவ்வெண்பாவைக் கூட்ட அறிக்கையிலே அச்சிட்டும் விட்டனர்.

பாறைக் குழிகளுக்கு முன் நின்றபோது எனக்கு அவ்வெண்பாதான் ஞாபகம் வந்தது.

இரவு விடுதியிலே மருமகனிடம் சொன்னேன். தீர்மானத்தை மாற்றவேண்டும், மண்டபம் வேண்டுமானால் வேறு காணியிலே எழட்டும், கொட்டில் கொட்டிலாகவே நிற்கட்டும் என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அம்மான், மண்டபத்துக்கு எண்டால் இங்கை இருக்கிற பொடியளிட்டைக் காசு சேர்க்கலாம். கொட்டில் வேய எண்டால் ஒருத்தரும் தரமாட்டினம். பேர் போட ஒரு கல்லும் இல்லையே" என்றான். அவன் சொல்லியது பிழையன்று. அதற்கு என்னிடம் விடையும் இல்லை. உரோமாபுரியில் அரசுப் பணம் இருந்தது; நம்மிடம் இருப்பது பழைய மாணவர் சங்கத்து வங்கிப் புத்தகம்.

மறுநாட் காலை அவனே என்னைத் திரும்பவுங் குன்றுக்கு அழைத்துச் சென்றான். அந்நேரத்திற் கூட்டம் இல்லை. குழிகளைப் பார்த்தபடி நின்றவன், கப்பு எத்தனை அங்குலக் கனம் இருந்திருக்கும், மழைத் தண்ணீர் எப்பக்கம் ஓடியிருக்கும் என்று கணக்குப் பார்த்தான். தீர்மானத்தைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. யானுங் கேட்கவில்லை.

சங்கக் கூட்டம் வருகிற சித்திரையில். முன்னர் ஆமோதித்தவனே இப்பொழுது எதிர்க்கிறான் என்று நண்பர் நகைப்பர். அதற்கு ஆயத்தமாகவே போகிறேன். வெண்பாவை மீளப்பெறும் வழக்கம் புலவரிடையே உண்டோ என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. பனையோலை விலையைப் பளைப் பக்கத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். வேயத் தெரிந்தவர் இருவர் அவ்வூரில் இன்னும் இருக்கின்றனர். ஒருவருக்கு வயது எழுபத்தொன்று.